ரெகுலேட்டருக்கு ரொட்டிப் பை

என் புருஷன் ரொசேருக்குத் தண்ணீர் வடிகட்டி மாற்றத் தெரியும். அதை நான் இல்லையென்று சொல்லவில்லை. எங்கள் சாலையில் எந்த வீட்டுக் கிணற்றைத் திறந்தாலும் துருவேறிய தண்ணீர்தான். முதலில் குழாயை மூடுவான், சிவப்புப் பொத்தானை அமுக்கி உள்ளே இருக்கும் அழுத்தத்தை வெளியே விடுவான், அப்புறம்தான் வடிகட்டி இருக்கும் நீலக் கூட்டைக் கழற்றுவான். பிளீச் கலந்த தண்ணீரில் அதைக் கழுவி, ரப்பர் வளையத்தைத் துடைத்து, பசை தடவி, ஒரு சொட்டுக்கூட ஒழுகாமல் திருப்பி மாட்டுவான். இத்தனையும் சீட்டியடித்துக்கொண்டே. அதில் வந்த வினைதான் எல்லாம். தண்ணீர் தெரிந்தவனுக்கு கேஸும் தெரியும் என்று ஊர் முடிவு கட்டியது. அவனும் அதை நம்பிவிட்டான்.

அமெரிக்காவில் எங்கள் வடக்கு மேயினில் பனியைவிட மோசமானது உறைமழை. விழுந்த இடத்திலேயே ஐஸாகிவிடும். அதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரே மருந்து, காலி ரொட்டிப் பை. பிள்ளைகளின் பூட்ஸுக்குள் ரொட்டிப் பை, கார் கண்ணாடிக்கு ரொட்டிப் பை, கொட்டகைப் பூட்டுக்கு ரொட்டிப் பை. இப்படிக் கட்டிக் கட்டிப் பழகிய கை கேஸ் ரெகுலேட்டரை மட்டும் விட்டுவைக்குமா?

இலையுதிர் காலத்தில், வெளியே நிற்கும் கேஸ் டேங்குகளை நிரப்ப வந்த ரோண்டா வீடு வீடாகச் சொன்னாள். கேஸ் லாரி ஓட்டுகிற பெண், புருஷன் இல்லாமல் இரண்டு பிள்ளைகளை வளர்க்கிறவள்.

"ரெகுலேட்டர் மேல எதையும் கட்டாதீங்க. கீழ பாத்தாப்ல ஒரு ஓட்டை இருக்குல்ல, அதான் அதுக்கு மூக்கு. மூக்கப் பொத்தினா அழுத்தம் தாறுமாறாயிடும். ஐஸ் கட்டிச்சுன்னா தட்டவும் கூடாது, சுடுதண்ணி ஊத்தவும் கூடாது. டேங்க மூடிட்டு எங்களக் கூப்பிடுங்க."

லாரி போனதும் ரொசேர் சிரித்தான். "லாரி ஓட்டறவ எனக்குப் பாடம் எடுக்கறா."

"உன் வித்தையெல்லாம் வேற எங்கயாவது காட்டு. நம்ம வீட்ல அந்தப் பை வேல வேணாம்" என்றேன்.

"சரி, சரி, ஆத்தா" என்றான்.

ஜனவரியில் உறைமழை வந்தது. அது நின்ற மறுநாள் காலை, பக்கத்து ட்ரெய்லர் வீட்டிலிருந்து ரொசேரின் அக்கா ஒதில் அலறினாள். நானும் ரொசேரும் ஓடினோம். காலைக்கு பிளாய் தோசை சுட அடுப்பைப் பற்றவைத்திருக்கிறாள். தீ குபீரென்று எழும்பி ஜன்னல் திரையைப் பிடித்துவிட்டது. திரையைப் பிடுங்கி வெளியே பனியில் எறிந்துவிட்டு, "டேங்க மூடு, ரொசேர்!" என்று கத்தினேன். மூடினான். ஒதிலின் புருவம் போயிருந்தது. வலது புறங்கை முழுக்கக் கொப்புளம்.

அவள் கையைக் குழாய்த் தண்ணீரில் பிடித்துக்கொண்டு நின்றபோது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். ரொசேர் பேனாக்கத்தியால் ரெகுலேட்டரைச் சுற்றியிருந்த டேப்பை அறுத்து, ரொட்டிப் பையை உருவி, கசக்கிக் கோட்டுப் பைக்குள் திணித்தான். பிறகு இரண்டு பக்கமும் பார்த்தான். திருடன்கூட அவ்வளவு அவசரப்பட மாட்டான்.

மத்தியானம் கேஸ் கம்பெனியிலிருந்து மேற்பார்வையாளர் டெல்பர்ட் வந்தார், கூடவே ரோண்டாவும். ஒதிலின் அடுப்புக்குத்தான் கேஸ் இல்லையே. "கிளோடெட், நம்ம வீட்ல காப்பி போட்டு எடுத்துட்டு வா, பாவம் குளிர்ல வந்திருக்காங்க" என்று என்னை அனுப்பினான் ரொசேர். போட்டுக் கொண்டுவந்தேன். அதற்குள் அவன் வேலையை ஆரம்பித்திருந்தான்.

"நான் யாரையும் குத்தம் சொல்லல. ஆனா ரோண்டா அவசரக்காரி. வந்தா, ஊத்தினா, போனா."

டெல்பர்ட் ரெகுலேட்டரைப் பார்த்துவிட்டு வந்திருந்தார். "மூக்குக்குள்ள ஐஸ் அடைச்சிருக்கு. கீழ பாத்த ஓட்டையில ஐஸ் எப்படி ஏறும்? இலையுதிர் காலத்துல நீ இத மாட்டினப்ப ஓட்டைய எந்தப் பக்கம் திருப்பி வச்ச?" என்று ரோண்டாவைக் கேட்டார்.

"கீழதான் சார். சோப்புத் தண்ணி போட்டு ஒழுகுதான்னும் பாத்தேன். ஒதில் பக்கத்துலதான் நின்னாங்க. கேளுங்க."

ஒதில் கட்டுப்போட்ட கையையே பார்த்தாள். "எனக்கு ஞாபகம் இல்லம்மா."

டெல்பர்ட் கையை நீட்டினார். "லாரி சாவியக் குடு, ரோண்டா. விசாரிச்சு முடியற வரைக்கும் நீ வண்டி எடுக்க வேணாம். அப்புறம் வேலையில இருப்பியாங்கறதே ஆபீஸ் சொல்லணும்."

ரோண்டா அழவில்லை. சாவியை வளையத்திலிருந்து கழற்றி அவர் கையில் வைத்தாள். ரொசேர் கரிசனமாக அவளுக்கு ஒரு காப்பியை நீட்டினான். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது.

ஒதிலைப் படுக்கையறைக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினேன்.

"அவன் பை கட்டினது உனக்குத் தெரியுமா தெரியாதா?"

"கத்தாதே. அவன் என் தம்பி. அவ யாரு நமக்கு?"

"உன் கைய வேக வச்சவன் உன் தம்பி!"

"நல்லதுக்குத்தான் செஞ்சான். பையக்கூட நான்தான் எடுத்துக் குடுத்தேன். எனக்கொண்ணு, உங்க வீட்டுக்கொண்ணு."

"எங்க வீட்டுக்கா?"

"ஆமா. உனக்குத் தெரியாதா?"

கோட்டைக்கூடப் போடாமல் வெளியே வந்தேன். எங்கள் ட்ரெய்லரின் பின்பக்கம் முழங்கால் வரை பனி. வழுக்கி விழுந்து, எழுந்து, போய்ப் பார்த்தேன். கட்டியிருந்தது. அதே ரொட்டிப் பை, அதே சாம்பல் நிற டேப். பையின் அடியில் தண்ணீர் தேங்கி உறைந்து, ரெகுலேட்டரின் மூக்கைச் சுற்றிக் குழந்தையின் முஷ்டியளவு ஐஸ். உள்ளே ஹீட்டர் ஓடிக்கொண்டிருக்கும் சத்தம் சுவர் வழியாகக் கேட்டது. கொஞ்சம் முன்புதான் இந்த கேஸில் நின்று காப்பி போட்டேன். போடச் சொன்னவன் அவன்.

டேங்கை மூடினேன். பையைத் தொடவில்லை. திரும்பிப் போய் ஒதில் வீட்டுக் கதவைத் திறந்து வாசலிலேயே நின்றேன்.

"டெல்பர்ட், சாவிய அவகிட்டத் திருப்பிக் குடுங்க. இந்த ரெகுலேட்டர்ல பை கட்டினது என் புருஷன். காலைல அறுத்து எடுத்ததும் அவன்தான். என் கண்ணால பாத்தேன். அவன் கோட்டுப் பையில கைய விட்டுப் பாருங்க."

"கிளோடெட், உள்ள வா, கதவச் சாத்து. இவளுக்கு அதிர்ச்சி சார், என்னென்னமோ பேசறா."

"வாய மூடு. டெல்பர்ட், நம்பலன்னா என்கூட வாங்க. இன்னொண்ணு கட்டின படியே இருக்கு."

எல்லாரும் வந்தார்கள். டெல்பர்ட் குனிந்து பார்த்தார், போன் எடுத்துப் படம் பிடித்தார், டேங்க் மூடியிருக்கிறதா என்று தானும் ஒரு தடவை திருகிப் பார்த்தார். எழுந்து ரோண்டாவின் கையில் சாவியை வைத்தார். "வேற ரெகுலேட்டர் மாட்டி, முழுக்கச் சோதிக்காம யாரும் இதத் திறக்கக் கூடாது" என்றார். ரொசேரை அவர் பார்க்கவே இல்லை. ரோண்டா என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நான் தலையசைத்துப் போகச் சொன்னேன், அப்போது எனக்கு நன்றி கேட்கும் பொறுமை இல்லை.

லாரி போனது. ஒதில் என்னைத் திட்டிக்கொண்டே தன் வீட்டுக்குள் போனாள். நானும் ரொசேரும் பனியில் நின்றோம்.

"அக்கா வீட்டுப் பைய அறுக்க உனக்குத் தெரிஞ்சுது" என்றேன். "அதனாலதான் தீப்பிடிச்சுதுன்னு தெரிஞ்சுதானே அறுத்த? அப்புறம் இங்க ஏன்யா விட்டு வச்ச? என்னை அந்த அடுப்பு முன்னாடி ஏன் அனுப்பின?"

அவன் நிஜமாகவே யோசித்தான். நெற்றியைச் சுருக்கிக்கொண்டு, பதிலைத் தேடுகிறவன் போல.

"மறந்துட்டேன், கிளோடெட்" என்றான்.

அவன் பொய் சொல்லவில்லை. தான் மாட்டிக்கொள்ளும் இடத்தில் இருந்த பை ஞாபகம் வந்தது, நான் நின்ற இடத்தில் இருந்தது வரவில்லை. ஏதாவது ஒரு பொய்யைச் சொல்லியிருந்தால் அன்று அந்த வீட்டுக்குள் திரும்பிப் போயிருப்பேன்.