காந்தத்தின் தாடி

பழைய இரும்புக் கிடங்கில் கிரேன் ஓட்டுகிறவளுக்கு 'மேல்வீட்டுக்காரி' என்று பட்டப்பெயர். காலையில் இருபத்திரண்டு படி ஏறிக் கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்தால் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் தரைக்கு வருவாள். கூண்டுக்கு முன்னால் சங்கிலியில் தொங்குவது வண்டிச் சக்கரம் அளவுக்கு ஒரு மின்காந்தம். டைனமோ சுற்றினால் மின்சாரம் பிறக்கும். அது காந்தத்துக்குள்ளிருக்கும் கம்பிச் சுருளில் ஓடினால் ஒரு டன் இரும்பு அப்படியே ஒட்டிக்கொண்டு எழும்பும். மின்சாரம் நின்றால் அத்தனையும் கீழே. டைனமோ பழசு, ஓடும்போதே சில சமயம் ஒரு நொடி மக்கர் பண்ணும். அப்போது தாங்கிப் பிடிக்கத்தான் பேட்டரி ஒன்றை வைத்திருந்தார்கள்.

அந்தப் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்றுவதும், கீழே நின்று கைகாட்டுவதும் அவள் கூடப்பிறந்த அண்ணனின் வேலை. அண்ணன் கை அசைந்தால் கண்ணை மூடிக்கொண்டு பாரத்தை இறக்குவாள். நாலு வருஷம் தரையில் துருப்பிடித்த குப்பையைப் பொறுக்கிப் பிரித்த பிறகு கிடைத்த கூண்டு அது. அதை விட்டுப் போவதென்றால் அவளுக்கு உயிர் போகிற மாதிரி.

அன்று காலை பாரம் லாரிக்கு நேர் மேலே இருக்கும்போது மீட்டர் முள் சட்டென்று பூஜ்யத்துக்கு விழுந்தது. பேட்டரி பிடிக்கவில்லை. ஒரு டன் தகடும் டிரைவர் சீட்டின் மேல் இறங்கியது. டிரைவர் அப்போதுதான் டீ குடிக்க இறங்கியிருந்தார். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போனது.

காந்தத்தை லாரிக்கு அப்பால் இடுப்பளவு உயரத்துக்கு இறக்கி, சாவியைத் திருப்பி எஞ்சினை நிறுத்திவிட்டு அவள் கீழே வந்தாள். அண்ணன்தான் ஓடிவந்து தோளைப் பிடித்தான்.

"பயப்படாத பாப்பா. யாருக்கும் ஒண்ணும் ஆகல. நீ போய் மூஞ்சி கழுவி, தண்ணி குடிச்சிட்டு வா. இங்க நான் பாத்துக்கறேன்."

உலகத்தில் இப்படி ஓர் அண்ணன் யாருக்கு வாய்க்கும் என்று நினைத்துக்கொண்டே போனாள், பாவம்.

அவள் திரும்புவதற்குள் மேனேஜர் வந்துவிட்டார். டைனமோவை ஓடவிட்டுப் பார்த்தார், ஓடியது. பேட்டரியைத் திறந்து பார்த்தார், தண்ணீர் நிறைந்திருந்தது.

"எல்லாம் சரியாத்தானே இருக்கு? அவசரத்துல நீயே சுவிட்சத் தட்டிட்ட. ஒத்துக்கோ."

"சத்தியமா இல்ல சார்! காந்தத்தோட அடிப்பக்கத்தப் பாருங்க, தாடி தொங்கும்."

அவர் முழித்தார். அவள் விளக்கினாள். கையால் சுவிட்சைத் தட்டி விடுவித்தால் மின்சாரம் ஒரு கணம் எதிர்த்திசையில் ஓடும். அது மிச்சமிருக்கும் காந்தத்தையும் அழித்துவிடும், ஒரு பொடிகூட ஒட்டாது. மின்சாரம் தானாக நின்றால் அப்படியில்லை. கனமானது விழுந்தாலும் மிச்சக் காந்தத்தில் பொடி இரும்பெல்லாம் தாடி மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும்.

மூன்று பேரும் போய்க் குனிந்து பார்த்தார்கள். கழுவி வைத்த தட்டு மாதிரி சுத்தமாக இருந்தது.

அவள் தன் கையைத் திருப்பிப் பார்த்தாள். இந்தக் கையா தட்டியது? முள் விழுந்ததைப் பார்த்தேனே, அதுவும் பொய்யா? அண்ணனைப் பார்த்தாள். அவன் தரையைப் பார்த்தான்.

"நான் காந்தத்துப் பக்கமே போகல சார். மனுஷங்கன்னா கை தவறத்தான் செய்யும். எழுதிக் குடுத்துடு பாப்பா, விஷயம் இதோட முடியட்டும்."

அலுவலகத்தில் மேனேஜர் காகிதத்தை நீட்டினார். சுவிட்சைத் தட்டியது நான்தான், இனிக் கிரேன் ஏறமாட்டேன் என்று இருந்தது. அப்படி எழுதிக் கொடுத்தவளை வேறு எந்தக் கிடங்கிலும் கூண்டுப் பக்கம் விடமாட்டார்கள். சாட்சிக் கையெழுத்து அண்ணனுடையது. அவன் முதலில் போட்டான். குனிய இடைஞ்சலாக இருந்ததென்று இடுப்பில் செருகியிருந்த உளியை எடுத்து மேசைமேல், குண்டூசிகள் சிதறிக் கிடந்த இடத்தில் வைத்தான். கட்டுக்கம்பி வெட்டுகிற எஃகு உளி, எப்போதும் அவனோடு இருப்பது. கையெழுத்துப் போட்டுவிட்டு அதைத் தூக்கினான்.

உளியின் முனையில் ஆறேழு குண்டூசிகள் ஒட்டிக்கொண்டு வந்தன.

பேனாவை எடுத்த அவள் கை நின்றது. அவர்கள் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. காந்தத்தின் அடியைச் சுரண்ட மரப்பலகைதான். எஃகு ஆயுதம் பக்கத்திலேயே போகக்கூடாது. எஃகைக் காந்தத்தில் உரசினால் அதுவும் காந்தமாகிவிடும் என்பது கிடங்கில் எல்லோருக்கும் தெரியும். அவசரக்காரனுக்குப் புத்தி மட்டு என்பார்கள். அந்த அவசரத்தில் பலகையைத் தேட அண்ணனுக்கு நேரமில்லை.

"அசையாத அண்ணே! அந்த உளியப் பாருங்க சார். நேத்து சாயங்காலம் ஆணி டப்பாவுக்குள்ள விழுந்த அதை நான்தான் எடுத்துக் குடுத்தேன், ஒரு ஆணி ஒட்டல. காந்தத்துப் பக்கமே போகலேன்னாரே, இது எப்படி ஒட்டுது?"

மேனேஜர் உளியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். அண்ணன் ஊசிகளைத் தட்டிவிட்டான். இரண்டு விழவே இல்லை.

"தாடி விஷயம் உனக்கு எப்படித் தெரியும்? நான்தானே சொல்லிக் குடுத்தேன்!" அவள் பேனாவை மேசையில் போட்டாள். "பேட்டரி காஞ்சு கெடந்துச்சா?"

"ரெண்டு மாசமா ஊத்தல," என்றான் அண்ணன். "அது என் பொறுப்பு. தெரிஞ்சா என்னை நிறுத்திடுவாங்க. உனக்காவது உன் வீட்டுக்காரர் சம்பளம் இருக்கு. நீ தங்கச்சிதானே, பொறுத்துக்குவன்னு நெனச்சேன்."

"தண்ணி குடிச்சிட்டு வான்னு அனுப்பினியே. அப்பவா தண்ணி ஊத்தி, தாடியச் சுரண்டின?"

அவன் உளியை மேசைமேல் வைத்துவிட்டு, "ஆமா," என்றான்.

லாரி நசுங்கியபோதுகூட வராத அழுகை இப்போது அவளுக்குப் பொத்துக்கொண்டு வந்தது. இவன் கைகாட்டினால் போதுமென்று இத்தனை நாள் எத்தனை டன்னை எத்தனை தலைக்கு மேல் கொண்டுபோயிருக்கிறாள்! கூட இருந்தே குழி பறித்துவிட்டு, அந்தக் குழியில் இறங்கு பாப்பா என்று கையையும் பிடித்துவிட்டானே.

மேனேஜர் காகிதத்தை இரண்டாகக் கிழித்துப்போட்டார். "நாளைக்குக் கூண்டுக்கு வந்துடும்மா," என்றார்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வரேன் சார். கீழ நிக்க வேற ஆளைப் போடுங்க. கைகாட்டத் தெரிஞ்சா போதும், எனக்குச் சொந்தமா இருக்க வேணாம்."