பத்தில் ஒரு பங்கு

மூன்றேகால் மணிக்கு, பழைய சிப்பைக் கழற்றி வேறு சிப்பை வைத்துச் சூட்டுக்காற்று ஊதி ஒட்டிய பிறகும், மின்னழுத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் ஸ்கோப்பின் திரையில் கோடு அதே இடத்தில் படுத்துக் கிடந்தது. 0.33. வர வேண்டியது 3.3 வோல்ட். கழற்றுவதற்கு முன்னாலும் இதே 0.33தான். "அடச்சீ" என்று, கார்டைத் துடைக்க வைத்திருந்த டூத்பிரஷ்ஷை அவன் மேசையில் எறிந்தான்.

வீட்டில் அவனுக்கு டாக்டர் என்று பெயர். மரியாதைக்கு வைத்ததில்லை. மிக்ஸி, கடிகாரம், அழைப்பு மணி என்று அவன் திறந்த எதுவும் உயிரோடு திரும்பியதில்லை. இன்றைக்கு மேசையில் இருந்தது அக்காவின் கம்ப்யூட்டர். குழந்தை பிறந்து நாலு வருஷம் வீட்டில் இருந்தவள், "என்கிட்ட ஸ்ட்ராங்கான மெஷின் இருக்கு" என்று சொல்லி அனிமேஷன் வேலை ஒன்றை வாங்கியிருந்தாள். முதல் வேலையை இன்று ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். காலையில் போட்டால் திரை கன்னங்கரேலென்று இருந்தது. கெட்டது, படத்தைத் திரைக்கு அனுப்பும் கிராபிக்ஸ் கார்டு.

அக்கா அறை வாசலில் வந்து நின்றாள்.

"டேய் டாக்டர், பேஷன்ட் பொழைக்குமா? இல்ல ஆபீசுக்குச் சாவுச் செய்தி சொல்லிடவா?"

"கொஞ்சம் இரு அக்கா. சிப்பு போயிருச்சுன்னு சொன்னேன்ல, மாத்திட்டேன்."

"மாத்தினவன் மூஞ்சியா இது?"

காலையில் பன்னிரண்டு வோல்ட்டையும் ஐந்து வோல்ட்டையும் பழைய மீட்டரில்தான் பார்த்தான், இரண்டும் சரி. 3.3க்கு வந்ததும் கை தானாக ஸ்கோப்புக்குப் போனது. போன வாரம் வாங்கியது. எதையாவது அதில் பார்த்தே ஆக வேண்டும் என்று அரிப்பு. அந்த 3.3 வராவிட்டால் அடுத்தது எதுவும் வராது, திரையும் வராது. சிப் செத்துவிட்டது என்று பதினோரு மணிக்கே தீர்ப்பு எழுதியாயிற்று. ஊதும்போது பக்கத்திலிருந்த கடுகளவு சாமான் இரண்டு பறந்துபோய், டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டு கட்டிலுக்கடியில் ஒரு மணி நேரம் தவழ்ந்ததும் இதற்காகத்தான்.

எரிச்சலில் பழைய மீட்டரை எடுத்து அதே முனையில் வைத்தான். 3.31.

இன்னொரு தடவை வைத்தான். 3.31.

அப்புறம்தான் ஸ்கோப்பின் அளக்கும் ஊசியைத் திருப்பிப் பார்த்தான். பிடியில் நகத்தளவு சுவிட்சு. அது பத்தில் நின்றது, திரையோ பத்தால் பெருக்காமல் ஒன்றில். வந்ததில் பத்தில் ஒரு பங்கைத்தான் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. நேற்று விளையாட்டாகத் தள்ளியவன் அவனேதான்.

புதுச் சிப்பால் சரியாயிற்று என்று சொல்லிவிடலாம். அவளுக்கு எங்கே தெரியப் போகிறது. வாயைத் திறந்தபோது வேறு வந்தது.

"அக்கா, நல்லா இருந்த சிப்பத்தான் கழட்டியிருக்கேன். அளந்தது தப்பு."

அவள் கடிகாரத்தைப் பார்த்தாள். அவனைப் பார்க்கவில்லை. சுவிட்சைக் காட்டி விளக்கினான்.

"நீ வாயத் தொறந்தா ஒண்ணு பத்தாகும். இது பத்த ஒண்ணாக்குது. நல்ல ஜோடிதான்டா" என்று ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இப்ப என்ன பண்ணணும்? சீக்கிரம் சொல்லு."

இந்தத் தடவை ஒழுங்காக அளந்தான். 3.3 இருக்கிறது, ஆனால் அதற்கு அடுத்து வர வேண்டிய வோல்டேஜ் எழுந்து உடனே விழுகிறது. கார்டைக் கம்ப்யூட்டர் பெட்டிக்குள் மாட்டி, பிரஷ்ஷின் கைப்பிடியால் அதன் முதுகில் அங்கங்கே தட்டிக்கொண்டே போனான். ஒரு மூலையில் தட்டியபோது கோடு எழுந்தது. விழவில்லை. இரண்டு வருஷம் தன் கனத்தில் தானே தொங்கி வளைந்ததில் எங்கோ ஈயப் பற்று விட்டிருக்கிறது. பிரஷ்ஷை அவளிடம் நீட்டினான்.

"அக்கா, இங்க அழுத்து. ரொம்ப வேணாம். கொஞ்சம் விடு... கொஞ்சம்... அப்படியே இரு."

திரையில் வெளிச்சம் வந்தது.

இருவரும் மூச்சு விடவில்லை. கூட அழுத்தினாலும் போகிறது, விட்டாலும் போகிறது. அந்த ஒரு அழுத்தம்தான் கணக்கு.

"இடம் தெரிஞ்சிருச்சு. ஆஃப் பண்ணு, அஞ்சு நிமிஷத்துல ஒட்டிடுறேன்."

"மறுபடி ஊதப் போறியா?"

அவன் கட்டிலுக்கடியைப் பார்த்தான்.

"மணி நாலு. படம் முழுசா உருவாக முக்கால் மணி நேரம் ஓடணும். நான் புடிச்சுக்கிறேன். நீ மவுசப் புடி."

"கை நடுங்கினா மொத்தமும் போயிரும்க்கா."

"புள்ளையத் தூங்க வச்சிருக்கேன்டா. தோள்ல போட்டுட்டு ரெண்டு மணி நேரம் அசையாம நின்னிருக்கேன். நீ ஓட விடு."

மவுசை அழுத்தினான். திரையின் அடியில் ஒரு சதவீதம் என்று வந்தது. வெகுநேரம் போனது போலிருந்தது, அப்புறம் இரண்டு. டூத்பிரஷ்ஷைப் பிடித்திருந்த அவள் விரல்நுனி வெளுத்துப் போயிருந்தது. பக்கத்து அறையில் அவள் ஃபோன் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. அவன் எழப்போனான். அவள் வேண்டாமென்று தலையை மட்டும் ஆட்டினாள், அதுவும் மெதுவாக.

மூன்று.