ஐந்து நிமிட வயர்

ஷிபானா மிஸ் வந்து இறங்கிய முதல் நாளே மோகனராஜுக்கு அவள்மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. தலைமை அலுவலகத்திலிருந்து ஒருத்தி திகனயில் இருக்கிற உடுப்புக் கழுவும் பெக்டரிக்கு, அதுவும் எண்ணெய்ப் பிசுக்குப் பிடித்த பொயிலர் அறைக்கு, பெயர் கேட்க வந்திருக்கிறாளாம். ஆட்களின் பெயர் இல்லை, பொயிலரில் இருக்கிற பாதுகாப்புக் கருவிகளின் பெயர். இதை நீங்கள் என்னவென்று சொல்கிறீர்கள், இது எப்போது நெருப்பை நிறுத்தும், நிறுத்தினால் புத்தகத்தில் என்னவென்று எழுதுகிறீர்கள் என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். இதற்கா ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து அனுப்புவார்கள்? மோகனராஜ் பதினெட்டு வருடம் பொயிலரோடு மல்லுக்கட்டியவன். இத்தனை வருடத்தில் கம்பெனி அவனிடம் கேட்ட ஒரே கேள்வி, “ஏன் ஸ்டீம் குறையுது?” என்பதுதான்.

கம்பெனிக்கு நாலு பெக்டரி இருக்கிறது, ஒரு இடத்தில் சொல்வது இன்னொரு இடத்தில் விளங்குவதில்லை, ஆகவே ஒவ்வொரு கருவிக்கும் மூன்று மொழியிலும் ஒரே பெயர் வைத்துப் பட்டியல் போட்டு, அந்தந்தக் கருவியில் தகடு அடிக்கப் போகிறோம் என்றாள் ஷிபானா. கேட்க நியாயமாகத்தான் இருந்தது. கம்பெனி நியாயமாகப் பேசினால்தான் மோகனராஜுக்குச் சந்தேகம் கூடும்.

பொயிலருக்குள் தண்ணீர் ஒரு கோட்டுக்குக் கீழே இறங்கினால், தானாகவே நெருப்பை அணைத்துவிடுகிற சுவிட்ச் ஒன்று உண்டு. காலை வேலைக்கு நிற்கிற ஹில்மி அதை ‘ஃப்ளோட்’ என்பான். சிங்களப் பெடியன்கள் ‘வத்துர கட்’ என்பார்கள். மோகனராஜுக்கு அது ‘தண்ணிக் கட்’. ஷிபானா எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு, கடைசியில் ‘தாழ்நீர் நிறுத்தி’ என்று ஒன்றைப் போட்டாள்.

“கலியாணக் கார்ட்டுல போடுற பேரு மாதிரி இருக்கு மிஸ்” என்றான் மோகனராஜ். அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பையும் அவன் நம்பவில்லை.

நம்பாததற்குக் காரணம் இருந்தது. ஏழு மாதத்துக்கு முன்னால், ஒக்டோபர் பதினெட்டாம் திகதி வெள்ளிக்கிழமை, இதே அறையில் பின்னேர வேலைக்கு நிற்கிற செல்லப்பா வெந்துபோனான். இரண்டு மணிக்குத்தான் அவன் வேலைக்கு ஏறியிருந்தான். இரண்டேகாலுக்குத் தண்ணீர் பம்ப் காற்றை இழுத்து ஓய்ந்துவிட்டது. பொயிலருக்குள் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது. நெருப்பை அணைத்திருக்க வேண்டிய சுவிட்ச் அணைக்கவில்லை. தண்ணீர் மட்டம் காட்டுகிற கண்ணாடிக் குழாயில் தண்ணீர் இல்லாததைக் கண்ட செல்லப்பா வெளியே ஓடாமல், நெருப்புக்கு எண்ணெய் போகிற வால்வைக் கையால் மூட உள்ளே ஓடினான். அந்த நேரம் பார்த்துப் பொயிலர்க் குழாய் ஒன்று வெடித்தது. இரண்டு கையும் ஒரு பக்கக் கன்னமும் வெந்தன.

பிறகு பெட்டியைத் திறந்து பார்த்தபோது, அந்தச் சுவிட்சின் இரண்டு முனையையும் ஒரு பச்சை வயர் இணைத்துக்கொண்டு கிடந்தது. வயர் இருந்தால் சுவிட்ச் இருந்தும் இல்லாத கதைதான். வேலையில் நின்றவன் செல்லப்பா, ஆகவே வயரைப் போட்டவனும் அவனே என்று கம்பெனி விசாரணை எழுதிக்கொண்டது. இந்தப் புதன்கிழமை முடிவு. முடிவு அப்படியே நின்றால் அவனுடைய பொயிலர் லைசன் போய்விடும், இனி எந்தப் பெக்டரியும் அவனை வாசலுக்குள் எடுக்காது.

வயரைப் போட்டவன் யார் என்பது மோகனராஜுக்குத் தெரியும். ஹில்மிதான்.

வெளியில் சொல்ல முடியாத வழியில் தெரியும். வெள்ளிக்கிழமை என்றால் ஹில்மி பன்னிரண்டு மணிக்கு ஜும்ஆத் தொழுகைக்குப் போய்விடுவான். லைசன் உள்ள ஆள் பொயிலரை விட்டு அசையக் கூடாது என்பது சட்டம். ஆனால் பகல் வேலையில் தண்ணீருக்கு மருந்து கலக்கிற மோகனராஜிடமும் லைசன் இருக்கிறதே? அவன் வந்து ஹில்மியின் இடத்தில் நின்றுகொள்வான். தைப்பொங்கல், தீபாவளி என்றால் ஹில்மி மோகனராஜுக்காக நிற்பான். ஒன்பது வருடமாக இப்படித்தான், புத்தகத்தில் ஒரு எழுத்து இல்லாமல். மெனேஜருக்குத் தெரிந்தால் இரண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். ஆகவே விசாரணையிலும் அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி இரண்டு பேருமே வாய் திறக்கவில்லை.

அன்று ஒரு மணி தாண்டி ஹில்மி திரும்பி வந்ததும் மோகனராஜ் சாப்பிடப் போனான். இரண்டு மணிக்கு அந்தப் பக்கம் வந்தபோது, பெட்டிக்குப் பக்கத்து ஆணியில் எப்போதும் தொங்குகிற பச்சை வயர் இல்லாததைக் கண்ணாலே கண்டான். அப்போது அதைப் பெரிதாக எடுக்கவில்லை. பிறகு யோசித்தபோது எல்லாம் பொருந்தியது. வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வந்தவனுக்குத் தூக்கம் சொக்கியிருக்கும், சுவிட்ச் அடிக்கடி நிறுத்தித் தொல்லை கொடுக்கக் கூடாது என்று வயரை மாட்டியிருப்பான். செல்லப்பா வரவும் சொல்லாமல் நழுவிவிட்டான். அன்றிலிருந்து மோகனராஜ் ஹில்மியை ‘மச்சான்’ என்று கூப்பிடுவதை நிறுத்திவிட்டான். வெள்ளிக்கிழமை அவனுக்காக நிற்பதையும் நிறுத்தினான். ஹில்மி ஏன் என்று கேட்கவில்லை. கேட்காததே குற்றத்தின் அடையாளம் என்று மோகனராஜ் முடிவு கட்டிவைத்திருந்தான்.

இப்போது இந்த ஷிபானா வேறு. ஊர் திகன. ஹில்மியை வந்த அன்றே தங்கள் முஸ்லிம் வழக்கத்தில் “ஹில்மி நானா” என்கிறாள், இவனை “மோகனராஜ் அண்ணன்” என்கிறாள். நானாவைக் காப்பாற்றவும் அண்ணனை மாட்டிவிடவும் வந்திருக்கிறாளோ என்று அவன் மனசு கணக்குப் போட்டது. அவள் என்ன கேட்டாலும் பாதியைச் சொல்லி மீதியை விழுங்கினான்.

ஞாயிற்றுக்கிழமை வத்தேகமவுக்குப் போய்ச் செல்லப்பாவைப் பார்த்தான். செல்லப்பாவுக்குச் சட்டைப் பொத்தான் போட முடியவில்லை, மனைவிதான் போட்டுவிட்டாள். விரல்கள் ஒன்றோடொன்று ஒட்டிய மாதிரி மடங்கிக் கிடந்தன.

“சாமி சத்தியமா வயர நான் போடல மோகன். நீயாச்சும் நம்புறியா?”

“நம்புறேன். யார் போட்டாங்கன்னும் தெரியும்” என்றான் மோகனராஜ்.

“தெரிஞ்சா சொல்லேன்யா.”

“நேரம் வரட்டும்.”

பஸ்ஸில் திரும்பி வரும்போது அவனுக்கு வெட்கமாக இருந்தது. நேரம் என்ன வருவது? பயம்தான் விடவில்லை. ஹில்மியைச் சொன்னால் வெள்ளிக்கிழமைக் கதையும் வெளியே வரும். ஆனாலும் புதன்கிழமைக்கு முன்னால் எப்படியாவது ஹில்மியின் வாயாலேயே அதை வரவழைத்துவிட வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டான்.

வழி செவ்வாய்க்கிழமை தானாகவே வந்தது. சாப்பாட்டு அறையில் ஷிபானா இரண்டு பேரையும் கூப்பிட்டு உட்காரவைத்தாள். மேசைக்கு இந்த முனையில் மோகனராஜ், அந்த முனையில் ஹில்மி. பட்டியலில் எட்டு வரி முடிந்துவிட்டது, இனிக் கருவிகளை விட்டுவிட்டு வேலைகளுக்குப் பெயர் வைக்க வேண்டும் என்றாள். பற்றவைத்தல், நிறுத்துதல், சோதித்தல் என்று பதினொரு வரி எழுதியாயிற்று.

“தாழ்நீர் நிறுத்தி இருக்கிற சட்டியில சேறு படியும்தானே. அத எப்படிச் சுத்தம் பண்றீங்க? ஒவ்வொரு படியாச் சொல்லுங்க, ஹில்மி நானா.”

ஹில்மி ஒரு கள்ளமும் இல்லாமல் விரல் மடக்கிச் சொன்னான். “வயர மாட்டுற. கீழ்வால்வத் தொறக்குற. சேறு போய் நல்ல தண்ணி வந்ததும் மூடுற. வயரக் கழட்டி ஆணில போடுற. அவ்வளவுதான், அஞ்சு நிமிசம்.”

மோகனராஜுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எலி தானாகவே வந்து பொறியில் தலையைக் கொடுத்துவிட்டது.

“கேட்டீங்களா மிஸ்? வயர்னு அவரு வாயாலயே வந்திருச்சு! எழுதிக்கோங்க!”

ஹில்மி அவனை விசித்திரமாகப் பார்த்தான். “என்ன மச்சான், நீயும் அப்பிடித்தானே செய்யிற? வயர் இல்லாட்டி வால்வத் தொறந்த ஒடனே நெருப்பு அணைஞ்சிரும். கழுவுற செக்‌ஷன் நிண்டா மெனேஜர் கத்துவார். செல்லப்பாவும் அப்பிடித்தான், எல்லாரும் அப்பிடித்தான்.”

அது உண்மைதான்.

ஷிபானா பேனையைக் கீழே வைத்தாள். “விசாரணை அறிக்கைய நான் வாசிச்சன். இந்தப் பெக்டரியில வயர் போடுற பழக்கமே இல்லண்டு மூணு பேரும் சொல்லி ஈக்கிறீங்க.”

“இல்லத்தான்” என்றான் ஹில்மி.

“இல்லைங்க மிஸ்” என்றான் மோகனராஜ். ஏழு மாதத்தில் முதல் தடவையாக இரண்டு பேரும் ஒரே பக்கம் பேசினார்கள். “அது வேற, இது வேற. சுவிட்ச ஏமாத்துறதுக்குப் போடுறது களவு. இது சுத்தம் பண்றதுக்குப் போடுறது.”

அவன் பொய் சொல்லவில்லை. வருடக்கணக்காக எல்லாரும் ஒவ்வொரு நாளும் செய்கிற காரியம் களவாக இருக்கும் என்று யாருக்குத் தோன்றும்?

“எதுக்குப் போட்டாலும் அந்த அஞ்சு நிமிசம் சுவிட்ச் வேலை செய்யாதுதானே அண்ணன்” என்றாள் ஷிபானா. குரலில் கோபம் இல்லை. “அதுக்கு இந்தப் பட்டியல்ல ஒரே பேர்தான்.” பன்னிரண்டாவது வரியில் ‘தடுப்பு நீக்கம்’ என்று எழுதினாள். “சுத்தம் பண்றது எத்தன மணிக்கு?”

“பன்னெண்டே முக்காலுக்கு” என்றான் ஹில்மி. “கழுவுற ஆக்கள் சாப்பாட்டுக்குப் போற நேரம்.”

மோகனராஜ் மனசுக்குள் அந்த நேரத்தைத் திருப்பிச் சொல்லிப் பார்த்தான்.

வெள்ளிக்கிழமை பன்னிரண்டே முக்காலுக்கு ஹில்மி பள்ளிவாசலில் இருப்பான். வெள்ளிக்கிழமைச் சுத்தம் மோகனராஜின் வேலை.

அந்த வெள்ளிக்கிழமையை அவன் ஏழு மாதமாக ஹில்மி திரும்பி வந்த நிமிடத்திலிருந்துதான் நினைத்துப் பார்த்திருக்கிறான். அதற்கு முன்னால் போனதே இல்லை. இப்போது போனான். வயரை மாட்டினான். வால்வைத் திறந்தான். அன்று சேறு அதிகம், லேசில் போகவில்லை. ஒரு மணியும் தாண்டிவிட்டது. வால்வை மூடிக்கொண்டிருக்கும்போது ஹில்மி வாசலில் நின்று, “மச்சான், பள்ளில கந்தூரி, ஒனக்கும் சோறு கொண்டுவந்தன், ஆறிரும், போய்த் தின்னு” என்றான். மோகனராஜ் கையைத் துடைத்துக்கொண்டு பார்சலை வாங்கினான். வெளியே போய் மாமர நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டான். ருசியாக இருந்தது.

வயரை அவன் கழட்டவில்லை. இரண்டு மணிக்கு ஆணி வெறுமையாக இருந்ததைக் கண்டானே, அதில் இல்லாமல் போனது அவனே எடுத்து மாட்டிய வயர். சுத்தம் முடிந்துவிட்டது என்றுதான் ஹில்மி நினைத்திருப்பான். வேறு என்ன நினைப்பான்?

செல்லப்பாவின் கை கண்ணுக்கு முன்னால் வந்தது. ‘யார் போட்டாங்கன்னும் தெரியும்’ என்று அந்தக் கைக்கு முன்னாலேயே உட்கார்ந்து பீற்றிக்கொண்டு வந்திருக்கிறான். தன்மேலேயே அவனுக்கு அருவருப்பு வந்தது.

இத்தனையும் ஷிபானாவுக்குத் தெரியாது. அவள் ஒரு புதிய தாளை எடுத்து மேசையில் விரித்தாள். திகதி, நேரம், எந்த நிறுத்தி, செய்தவர் பெயர், வயரைக் கழட்டித் தடுப்பை மீண்டும் பூட்டிய நேரம் என்று ஐந்து கட்டம்.

“இனிமேல் வயர் போட்டா இதுல எழுதணும். நாளைக்கு நாலு பெக்டரிக்கும் இந்தத் தாள் போகுது, உதாரணத்துக்கு ஒரு வரி நிரப்பித் தாங்க. யார்ட எழுத்து நல்லம்?”

“மோகன்ட எழுத்து முத்து முத்தா ஈக்கும்” என்றான் ஹில்மி.

பேனை மோகனராஜின் கைக்கு வந்தது. சும்மா ஒரு திகதியைப் போட்டுக் கொடுத்தால் யாருக்கும் ஒன்றும் தெரியாது. சாட்சி கிடையாது. புதன்கிழமை போகும், வியாழக்கிழமை வரும், அவன் பொயிலர் அவனுக்கு இருக்கும். அவனுக்குப் பயமாக இருந்தது. பயந்துகொண்டே முதல் கட்டத்தில் எழுதினான்: ஒக்டோபர் 18, வெள்ளி.

எட்டிப் பார்த்த ஹில்மியின் முகம் மாறியது. அவன் எழுந்து இந்த முனைக்கு வந்தான். பிறகு மெதுவாக, “உதாரணத்துக்குத்தானே மச்சான். வேற திகதி ஒண்டப் போடேன்” என்றான்.

“சுத்தம் நான்தான் பண்ணுனேன் மச்சான். நீ சோறு கொண்டாந்த. நான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டேன்.” மோகனராஜ் தாளைப் பார்த்தபடியே சொன்னான். “இத்தன நாளா ஒன்னைத்தான் நெனச்சிக்கிட்டு இருந்தேன்.”

“தெரியும்” என்றான் ஹில்மி. “நானும் ஒன்னத்தான் நெனச்சன். சொன்னா வெள்ளிக்கிழம வெளிய வருமேண்டு வாயப் பொத்திக்கிட்டு ஈந்தன்.”

“இத எழுதுனா ஒன்னோட வெள்ளிக்கிழமையும் வரும்டா. நீயும் என்கூட வீட்டுக்குப் போவ.”

ஹில்மி ஜன்னல் பக்கம் திரும்பி, பொயிலர் அறையின் புகைபோக்கியைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஷிபானா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவளுக்கு இப்போது விளங்கத் தொடங்கிவிட்டது.

“போன மாசம் நானும் செல்லப்பாட வீட்டுக்குப் போனன்” என்றான் ஹில்மி, திரும்பாமலே. “தேத்தண்ணிக் கோப்பயக் கூடப் பிடிக்க ஏலாம ஈந்தான். எழுது.”

மோகனராஜ் எழுதினான். நேரம், பன்னிரண்டு ஐம்பது. தாழ்நீர் நிறுத்தி. செய்தவர், க. மோகனராஜ். எழுத்து முத்து முத்தாகத்தான் விழுந்தது. தாளை ஷிபானாவின் பக்கம் தள்ளினான்.

அவள் வாசித்துவிட்டு நிமிர்ந்தாள். “கடைசிக் கட்டம் நிரப்பல்லயே அண்ணன். மீண்டும் பூட்டின நேரம்?”

“அதுக்கு நேரம் இல்ல மிஸ்” என்றான் மோகனராஜ். “நான் கழட்டல.”