மேற்படி மாணவரின் தகப்பன் எழுதிக்கொடுப்பது

1

இந்தக் கதையை நான் யோசித்துப் பிடிக்கவில்லை. தபாலில் வந்தது. உறையின் கண்ணாடிச் சன்னல் வழியாக எங்கள் வீட்டு முகவரி பளிச்சென்று தெரிந்தது, அதற்கு மேலே 'தந்தை' என்று என் பெயர். பிரித்தேன். என் மகனுக்குக் கல்லூரியில் ஆய்வக நுட்பப் படிப்பில் இடம் கிடைத்திருக்கிறது, அவன் மதிப்பெண் 99.99, தரவரிசையில் அவனே முதல் ஆள், இப்படிப்பட்ட பிள்ளையைப் பெற்றதற்காகப் பெற்றோரைப் பாராட்டுகிறோம் என்று எழுதியிருந்தது.

எனக்கு மகன் கிடையாது.

எழுதிப் பிழைக்கிறவனுக்கு இதைவிட நல்ல தொடக்கம் வாசல் தேடி வராது. அன்று மதியமே நோட்டை எடுத்துவிட்டேன். முதல் வரைவு இப்படிப் போனது:

'பதினைந்து வருடமாகத் தொட்டில் கட்டாத அந்த வீட்டில், கடிதத்தை மார்போடு அணைத்துக்கொண்டு அவள்...'

சாயங்காலம் வேலைவிட்டு வந்த என் மனைவி, தோளுக்குப் பின்னால் நின்று அதைப் படித்துவிட்டாள்.

"தொட்டில் கட்டாத வீடா? அப்ப உள்ள உக்காந்து வீட்டுக்கணக்கு போடாம டிவி பாக்கறாளே, அவ யாரு?"

"கதைக்காக..."

"கதைக்காகப் பெத்த பொண்ண ஒளிச்சு வெப்பீங்களா?"

அந்த வாக்கியம் அதே இடத்தில் நின்றுபோனது. (அடிக்காமல் விட்டிருக்கிறேன். என் புத்தி எந்தப் பக்கம் ஓடும் என்று உங்களுக்கும் தெரிந்திருக்கட்டும்.) ஒளித்துவைக்கப்பட்ட மகள், வயது பன்னிரண்டு, எழுந்து வந்து கடிதத்தை வாங்கிப் படித்தாள்.

"எனக்கு அண்ணன் இருக்கானா? ஏன்ப்பா என்கிட்ட சொல்லவே இல்ல?" என்றாள். மதிப்பெண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது. "அவன்கூட என்னை வெச்சுப் பேசக் கூடாது. இப்பவே சொல்லிட்டேன்."

மனைவி கடிதத்தைப் பிடுங்கினாள். முதல் வரியில் சிரித்தாள். "அட, நம்ம நெட்டையன்!" இரண்டாவது பத்தியில் சிரிப்பு நின்றது. தோள்பையைக்கூடக் கழற்றாமல் அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

2

இங்கே கொஞ்சம் விளக்கம் சொல்லியாக வேண்டும். என் மனைவிக்கு அந்தக் கல்லூரியில்தான் வேலை, மாணவர் பதிவுப் பிரிவில். ஒரே கடிதத்தை நூற்றுக்கணக்கான பேருக்கு அனுப்புவது அவள் பொறுப்பு. கடிதத்தில் பெயர், முகவரி, மதிப்பெண் ஆகிய இடங்களைக் காலியாக விட்டுவிடுவாள். மாணவர் பட்டியலிலிருந்து ஒவ்வொரு வரியாக எடுத்துக் கணினி அந்தக் காலியிடங்களை நிரப்பும். மெயில் மெர்ஜ் என்பார்கள். இதற்கும் இலக்கியத்துக்கும் உள்ள ஒற்றுமையைப் பற்றி ஒரு பக்கம் எழுதியிருந்தேன். "இத யாரு கேட்டா?" என்றாள். எடுத்துவிட்டேன்.

நிஜமான கடிதங்கள் போவதற்கு முன்னால் சோதித்துப் பார்க்க ஒரு பொய் மாணவன் வேண்டும். பல வருடங்களுக்கு முன்பு இவள்தான் அவனை உண்டாக்கினாள். பெயர் உறையின் சன்னலைத் தாண்டி ஓடுகிறதா என்று பார்க்க, இருப்பதிலேயே நீளமான பெயராக வைத்தாள். அலுவலகத்தில் அவனுக்கு நெட்டையன் என்றே பெயர். மதிப்பெண் 99.99.* தப்பித்தவறி கடிதம் வெளியே போனாலும் ஊரார் வீட்டுக்குப் போய்க் கலவரம் ஆகக் கூடாதென்று எங்கள் முகவரியைக் கொடுத்தாள், பெற்றோர் என்று எங்கள் இருவரையும் போட்டாள். 'சோதனை' என்று அவனுக்கு ஒரு குறியும் வைத்தாள். அந்தக் குறி இருக்கும்வரை எந்தப் பட்டியலிலும் அவன் சேரமாட்டான்.

[* ஏன் நூறு இல்லை என்று கேட்டேன். "நூறுன்னா மூணு எழுத்து. இது அஞ்சு. கட்டத்துல எது அதிகமா இடம் பிடிக்கும்?" என்றாள், மூன்றாம் வகுப்புப் பிள்ளையிடம் பேசும் குரலில்.]

இந்த வருடம் மென்பொருளைப் புதிதாக மாற்றினார்கள். வந்த முதல் நாளே கோளாறு. கடிதங்களில் 87.4 என்று வரவேண்டிய மதிப்பெண் 87.400000000000006 என்று வந்தது. மூன்று நாள் இவளும் தொலைபேசியில் மென்பொருள்காரரும் அந்தப் புள்ளியோடு மல்லுக்கட்டினார்கள். நெட்டையனுக்குக் கடிதம் அச்சடிப்பது, பார்ப்பது, கிழிப்பது, மறுபடி அச்சடிப்பது. விடுதிக் கடிதத்தையும் சோதிக்க வேண்டியிருந்ததால், 'சேர்வதாக உறுதிசெய்தார்' என்ற கட்டத்திலும் அவனுக்கு ஒரு டிக் போட்டாள். கடைசியில் புள்ளி சரியானது. எல்லாரும் கைதட்டினார்கள்.

பழைய மென்பொருளிலிருந்து புதியதற்கு எல்லாம் வந்திருந்தது. 'சோதனை' என்ற அந்தக் குறி மட்டும் வரவில்லை. இதை யாரும் பார்க்கவில்லை.

3

"அந்தப் படிப்புல மொத்தம் எத்தனை இடம்?" என்று கேட்டேன்.

"நாப்பது."

"இவன் ஒண்ணு எடுத்துக்கிட்டான்னா..."

"நாப்பதாவது ஆளு வெளிய நிக்குது. காத்திருப்போர் பட்டியல்ல முதல் பேரு."

அந்த நாற்பதாவது ஆளை நான் எழுத வேண்டும். முயன்றேன். கிழிந்த செருப்பு கொடுத்தேன். படுக்கையில் ஒரு தகப்பனைப் போட்டேன். கண்ணில் நீர் வைத்து, 'அவள் விம்மினாள்' என்று...

"விம்மவே இல்ல," என்றாள் மனைவி. "அவள நான் பாத்திருக்கேன். முந்தாநேத்து கவுன்ட்டருக்கு வந்தா. மருந்துக்கடைல வேலை பாக்கறா. ஸ்டேப்ளர்ல பின் சிக்கிக்கிச்சுன்னு நான் திட்டிட்டு இருந்தேன், வாங்கிச் சரிபண்ணிக் குடுத்தா."

செருப்பையும் தகப்பனையும் எடுத்துவிட்டேன். ஸ்டேப்ளர் இருக்கட்டும். அன்று கவுன்ட்டரில் நடந்த பேச்சை என் மனைவி சொன்னபடி தருகிறேன்.

"முதல் பேருன்னா சான்ஸ் இருக்காக்கா?"

"இருக்கும்மா. நாப்பது பேர்ல ஒருத்தராவது வராம போவாங்க."

"இல்ல, இருபத்தஞ்சுதான் வயசு வரம்பு. அடுத்த மாசம் எனக்கு முடியுது. இத விட்டா அப்புறம் அப்ளிகேஷனே போட முடியாது. அதான் கேட்டேன்."

நாற்பது பேரில் முப்பத்தொன்பது பேர் வருவதாக உறுதி செய்துவிட்டார்கள். நெட்டையனையும் சேர்த்தால் நாற்பது. மறுநாள் நான்கு மணிக்குப் பட்டியல் மூடப்படும். அதன் பிறகு யாராலும் அதைத் தொட முடியாது.

4

மறுநாள் காலையில் மென்பொருள்காரரைப் பிடித்தாள்.

"ரெக்கார்ட தூக்கணும்னா எங்க சைட்ல கம்ப்ளெயின்ட் டிக்கெட் போடுங்க மேடம். மூணு வேலை நாள் ஆகும்."

"இன்னிக்கு நாலு மணிக்குள்ள வேணுங்க."

"அப்ப மாணவரே விலகறதா ஃபாரம் குடுத்தா உடனே எடுத்துடலாம். மாணவர், அம்மா, அப்பா, மூணு கையெழுத்து."

மதியம் படிவத்தோடு வீட்டுக்கு வந்து, சாப்பாட்டு மேசையில் எனக்கு முன்னால் வைத்தாள். 'விலகுவதற்கான காரணம்' என்று ஒரு கட்டம். எனக்குக் கை பரபரத்தது. ரத்தத்தைப் பார்த்தால் மயங்கிவிடுவான் என்று எழுதலாம். பாட்டு கற்றுக்கொள்ளப் போகிறான் எனலாம். இன்னும் பிறக்கவில்லை என்ற உண்மையையே எழுதலாம். அரை நாள் பள்ளி முடிந்து வந்திருந்த மகள், "அண்ணன் கையெழுத்த நான் போடறேன்ப்பா" என்று பேனாவோடு தயாராக நின்றாள்.

நான் என் கையெழுத்தின் முதல் எழுத்தைப் போட்டுவிட்டேன். மனைவி படிவத்தை இழுத்துக்கொண்டாள்.

"வேண்டாம்."

"ஏன்? நல்ல காரியத்துக்குத்தானே?"

"நாளைக்கு யாராவது தோண்டினா? பொய்க் கையெழுத்தால கிடைச்ச சீட்டுன்னு முதல்ல அவளத்தான் வெளிய அனுப்புவாங்க. அவளுக்கு ஒண்ணுமே தெரியாது, பாவம். தப்பு என்னுது. என் பேர்லயே இருக்கட்டும். நான் பதிவாளர்கிட்ட நேரா சொல்லிடறேன்."

"வேலைக்கு உலை வெச்சுடுவாரே?"

"வெக்கலாம்," என்றாள். "நீங்களும் வாங்க."

எங்கள் வீட்டில் மாதாமாதம் வருகிற ஒரே சம்பளம் அவளுடையது. என் கதைகள் எப்போதாவதுதான் ஏதாவது கொண்டுவரும். ஆனாலும் அவள் படிவத்தை நான்காகக் கிழித்துக் குப்பையில் போட்டபோது, இவளைக் கட்டிக்கொண்டது நான் செய்த நல்ல காரியம் என்று தோன்றியது. இதை அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிட்டேன், படித்துக்கொள்வாள்.

5

பதிவாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இருக்காரேம்மா. மார்க் இருக்கு, முகவரி இருக்கு, சேர்றேன்னு உறுதியும் பண்ணியிருக்காரு. முதல் ரேங்க் எடுத்தவரை நான் எப்படி வெளிய தள்றது? நாளைக்கு வந்து நின்னாருன்னா?"

"வர மாட்டான் சார்."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான்தான் சார் அவனை உண்டாக்கினேன்."

"எல்லா அம்மாவும்தான் அப்படிச் சொல்றாங்க." சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நாளைக்குக் கேள்வி வந்தா காட்ட எனக்கு ஒரு பேப்பர் வேணும். அப்பான்னு ஒருத்தர் பேரு இருக்கே, அவர எழுதித் தரச் சொல்லுங்க. இப்படி ஒரு மகன் இல்லைன்னு."

ஆகவே ஒரு வெள்ளைத்தாளோடு வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன்.

இருபது வருடமாக நான் செய்துவருவது இதற்கு நேர் எதிரான வேலை. இல்லாத ஆட்களை இருப்பதாக நம்பவைப்பேன். அதிலும் பாதிப் பேரை யாரும் நம்பியதில்லை. இங்கே என் மனைவி ஒரு நீளப் பெயரும் ஐந்து எழுத்து மதிப்பெண்ணும் கொண்டு ஒருவனை உண்டாக்கியிருக்கிறாள், ஒரு கல்லூரியே நம்புகிறது. பொறாமையாக இருந்தது.

'மேற்படி மாணவர் என் மகன் அல்ல. அவன்...' (அவன் என்றாலே இருக்கிறான் என்றாகிவிடுகிறது. அடித்தேன்.)

'எனக்கு மகன் இல்லை. இருந்திருந்தால் அவனும்...' (இது கதை. அடித்தேன்.)

பெஞ்சின் மறுமுனையில் ஒரு பெண், மடியில் சான்றிதழ் கோப்போடு. "உறுதி ஒண்ணும் இல்லம்மா, ஆனா வந்து உக்காரு" என்று என் மனைவி காலையில் போன் செய்து வரச்சொன்ன அந்த நாற்பதாவது ஆள். நான் அடித்து அடித்து எழுதுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்களும் அட்மிஷனுக்கா சார்?"

"இல்லம்மா. ஒரு சீட்ட ரத்து பண்ண."

"உங்க பையனோடதா?"

என்ன சொல்வது? பதிவாளர் முடிவு சொல்லும் முன்பு அவளிடம் எதையும் சொல்லி ஆசைகாட்டக் கூடாது என்று மனைவி கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். "ஆமாம்மா," என்றேன்.

"ஐயோ. கஷ்டப்பட்டுப் படிச்சிருப்பாரே சார்," என்றாள். "அவருக்கு வேற நல்லதா கிடைக்கட்டும்."

அதன் பிறகு ஒரே மூச்சில் நான்கு வரி எழுதினேன். இந்தப் பெயரில் எனக்கு மகன் இல்லை. இவர் கடிதத்தைச் சோதிப்பதற்காக என் மனைவி பதிந்த பெயர். இவர் ஒருநாளும் வரமாட்டார். இவருக்குக் கொடுத்த இடம் காலியாகவே இருக்கிறது. கையெழுத்துப் போட்டு உள்ளே கொடுத்தேன்.

6

இப்போது மணி மூன்று நாற்பது. தாள் பதிவாளர் மேசையில் இருக்கிறது. மனைவி அவர் எதிரில் நின்றுகொண்டிருக்கிறாள், உட்காரச் சொல்லவில்லை போலிருக்கிறது. நான் பெஞ்சில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன்.

முடிவுகள் என்னிடம் மூன்று இருக்கின்றன. அவர் கையெழுத்திடுகிறார், எல்லாருக்கும் நல்லது நடக்கிறது. அவர் கையெழுத்திடுகிறார், ஆனால் என் மனைவிக்கு ஓர் உத்தரவும் கூடவே வருகிறது. மூன்றாவதில், "டிக்கெட் போடுங்க, மூணு வேலை நாள்" என்கிறார். எதை வேண்டுமானாலும் நன்றாக எழுதுவேன். ஆனால் உள்ளே போகும்போது அவள் திரும்பி, "நடக்கறதுக்கு முன்னாடி எழுதித் தொலைக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். அதனால் எழுதப்போவதில்லை.

பதிவாளரிடம் இருப்பது வெறும் நான்கு வரி. உங்களிடம் இருப்பது முழுவதும். அவருக்கு ஸ்டேப்ளர் தெரியாது, கிழித்த படிவம் தெரியாது, இந்தப் பெண் அவனுக்காக இரங்கியதும் தெரியாது. உங்களுக்குத் தெரியும். முத்திரை உங்கள் பக்கம் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள், என்ன செய்வீர்கள்?

கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். பெஞ்சின் மறுமுனையில் அந்தப் பெண் கடிகாரத்தைப் பார்க்க ஆரம்பித்துவிட்டாள்.