வாசலுக்கு வந்த எருக்கு

"மம்பட்டிய மெதுவாப் போடு மக்களே. ஆணிவேரு அறுந்திரப்படாது."

கிணற்றுக்குப் பின்னால் மகன் ஜெரிஷ், அடக்கத்துக்கென்று உடுத்திய வெள்ளைச் சட்டையோடு எருக்கைத் தோண்டிக்கொண்டிருந்தான். லீலாபாய் குனிந்து நின்று வேரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முன்னறையில் குளிர்பெட்டிக்குள் அவள் கணவர் ஞானசிங் படுத்திருந்தார். முந்தின நாள் சாயங்காலம் காப்பியைப் பாதி குடித்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்தபடியே போய்விட்டார். போதகர் வருவதற்குள் இந்தச் செடி முன்வாசலுக்குப் போயாக வேண்டும். அதுதான் அவளுக்கு இருந்த ஒரே அவசரம்.

சத்தம் கேட்டு ஞானசிங்கின் அக்கா செல்லபாய் ஓடிவந்தாள்.

"ஏட்டி லீலா, ஒனக்கு என்ன கிறுக்கா? சாவு வீட்டு வாசல்ல கொண்டுபோய் எருக்க நடுவாளா? வீடு வெளங்குமாட்டி?"

ஆளில்லாமல் பாழடைந்த வீட்டில்தான் எருக்கு முளைக்கும் என்பது ஊர் நம்பிக்கை. இவர்கள் தலைமுறை தலைமுறையாக வேதக்கோயிலுக்குப் போகிற கிறிஸ்தவக் குடும்பம்தான். ஆனால் அந்தப் பயம் மட்டும் இன்னும் ஞானஸ்நானம் வாங்கவில்லை.

லீலாபாய்க்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால் வந்த வினைதான் இதெல்லாம்.

ஞானசிங் நாகர்கோவில் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்தவர். வீட்டைச் சுற்றியிருந்த விளையில் செடிகளைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்து நட்டிருந்தார். பயறு ஒரு பாத்தி, வெண்டையும் செம்பருத்தியும் ஒரு பாத்தி. பூவுக்குள் இருக்கும் கேசரங்களை எண்ணி ஒரு சுவீடன்காரர் செடிகளை வகுப்பு பிரித்ததையும், அது போதாதென்று பின்னால் வந்தவர்கள் இதழ், காய், விதை எல்லாவற்றையும் பார்த்துக் குடும்பம் கட்டியதையும் சோறு தின்னும்போதுகூடச் சொல்வார். பிறகு மரபணுவைப் பார்க்கத் தொடங்கினார்கள். பழைய குடும்பங்கள் உடைந்தன, புதிதாகச் சில சேர்ந்தன. புத்தகம் மாறும்போதெல்லாம் விளையிலும் இடமாற்றம் நடந்தது. தேக்கு துளசிக் குடும்பத்தில் சேர்ந்துவிட்டது என்று ஒருநாள் வந்து சொன்னார். தேக்கை நகர்த்த முடியாது. ஆகவே துளசியைப் பிடுங்கித் தேக்கடியில் நட்டார். நிழலில் அது ஒரு மாசம்கூடத் தாங்கவில்லை. லீலாபாய் சிரித்த சிரிப்பில் அவர் ரெண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அதற்குப் பிறகு எருக்கின் முறை வந்தது. அதன் குடும்பத்தை அரளியின் குடும்பத்தோடு சேர்த்துவிட்டார்கள். மஞ்சள் அரளி நின்றதோ முன்வாசலில்.

"ரெண்டு இலையையும் கிள்ளிப் பாரு லீலா. ரெண்டுலயும் பால் வருது."

"பால் வந்தா சொந்தமா? பலாவிலயும்தான் பால் வருது. அதையும் வாசலுக்கு இழுத்துட்டு வாரும்."

அவருக்கு முகமெல்லாம் பூரிப்பு. "அதுதாம்டி கேள்வியே! எத வச்சு சொந்தம்னு சொல்லணும்? இந்த ஒண்ணுக்குத்தான் முந்நூறு வருசமா அடிச்சுக்கிடுதானுவ!" என்று ஒரு மணிநேரம் பாடம் எடுத்தார். எல்லாம் கேட்டுவிட்டு அவள் சொன்னாள், "எருக்கு வாசலுக்கு வந்தா நான் களியக்காவிளைக்கு பஸ் ஏறிருவேன்." களியக்காவிளை அவள் பிறந்த ஊர்.

துணைவேந்தருக்கே பணியாத மனுஷன் அன்றைக்குப் பணிந்தார். எருக்கு கிணற்றுக்குப் பின்னாலேயே நின்றது. ஆனால் அதன் பக்கத்தில் ஒரு தகரப் பலகையில் 'தற்காலிகம்' என்று எழுதி நட்டுவைத்தார். மூத்த செடி பட்டுப்போய், அதன் விதையில் முளைத்த கன்று முழங்கால் உயரத்துக்கு வந்துவிட்டது. பலகை மட்டும் அப்படியே நின்றது.

நேற்றுக் காப்பி குடிக்கும்போதும் கேட்டார். "லீலா, அந்த எருக்கு..."

"அது அங்கனயே நிக்கட்டும்," என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். திரும்பி வந்தபோது காப்பி ஆறியிருந்தது.

"மைனி," என்றாள் லீலாபாய் இப்போது, நாத்தனாரைப் பார்த்து. "இருவது வருசமா எங்கிட்ட அவரு கேட்டது இது ஒண்ணுதான். நான் குடுக்கல."

செல்லபாய் மூக்கைச் சேலைத்தலைப்பில் துடைத்தாள். பிறகு குழியை எட்டிப் பார்த்தாள்.

"ஏலே ஜெரிஷ், வேரோட மண்ணு உதிராமத் தூக்கு. கோணலா நட்டுராத. அவனுக்குப் பிடிக்காது."

செடி தாய்மண்ணோடு சாக்கில் ஊர்வலம் போனது. சாவுக்கு வந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள். பெட்டிக்குத்தான் வழி விடுகிறோம் என்று நினைத்து ஒருவர் செருப்பைக்கூடக் கழற்றினார். லீலாபாய்க்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் இருந்திருந்தால் இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு வருசம் ஓட்டியிருப்பார் என்று நினைத்ததும் அழுகையும் வந்தது.

ஜெபம் முடிந்து பெட்டியைத் தூக்கினார்கள். வாசலில் கூட்டம் நெருக்கியது.

"பாத்துப் போங்கல!" செல்லபாய் கைகளை விரித்துக்கொண்டு அரளியடியில் நின்றாள். "செடிய மிதிச்சிராதிங்க!"

பெட்டி அரளியையும் எருக்கையும் உரசாமல் தெருவுக்கு இறங்கியது.

கல்லறையிலிருந்து எல்லோரும் திரும்பி, வாசல் வாளியில் கால் கழுவிவிட்டு உள்ளே போனார்கள். ஜெரிஷ் கிணற்றடியிலிருந்து தகரப் பலகையை எடுத்துவந்தான்.

"அம்மா, இத இனி தூரப் போட்டுரட்டா?"

"இங்க தா. புஸ்தகம் இனியும் மாறாதுன்னு யாரு கண்டா?"

பலகையை எருக்கின் பக்கத்தில் ஊன்றிக் கல்லால் ரெண்டு தட்டு தட்டினாள். வெயிலில் இலைகள் துவண்டு கிடந்தன. வாளியில் மிச்சமிருந்த தண்ணீரை ஒரு கையால் சரித்து, மறு கையால் வேரடி மண் கரைந்து போகாதபடி அணைத்துப் பிடித்துக்கொண்டாள்.