பக்கத்து சீட்டுக்கு ஸ்பாஞ்ச்

தம்பி ஒரு வேலையை ஒழுங்காகச் செய்தால் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். அன்று மெக்கானிக் பட்டறையில், என் வண்டியின் பானட் மேல் அவன் விரித்துவைத்த பட்டியல் அவ்வளவு ஒழுங்காக இருந்தது.

பத்து வருஷம் அந்தச் சரக்கு வண்டியில்தான் மலை உச்சி செல்போன் டவருக்கு டீசல் ஏற்றிப் போனேன். போன வருஷம் ஒரு பீப்பாய் உருண்டு வந்து என் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துக்கொண்டது. போதாததற்கு மழை மலைப் பாதையையும் அரித்துப் போட்டது. கரடுமுரடு தாங்குகிற மாதிரி வண்டியை மாற்றினால் வேலை மறுபடி எனக்கு என்றது கம்பெனி. கையில் இருந்தது மூன்று லட்சம்.

பட்டியலில் முதலில் உடைசல் கடை கியர் பெட்டி, அதில் நாலு சக்கரமும் இழுக்கும். தடித்த பட்டை ஸ்பிரிங். சேற்றில் சிக்கினால் இழுக்க வின்ச். பெரிய டயர் நாலு. கூரை விளக்கு. கடைசி வரியில், 'பக்கத்து சீட்டுக்கு ஸ்பாஞ்ச், கைப்பிடி. அக்காவுக்கு.'

"கிளட்ச் எங்கடா?" என்றேன்.

"அது நல்லாத்தானே இருக்கு, அக்கா."

"இடது கால் வேலையாச்சே அது, யார் மிதிக்கிறது?"

அவன் மெக்கானிக்கைப் பார்த்தான். அவர் ஸ்பேனரைப் பார்த்தார்.

"நான் ஓட்டறேன். நீ ஜம்முனு பக்கத்துல உக்காந்து வழி சொல்லு."

பாசம்தான், தெரிகிறது. எனக்கு அழுகை முட்டியது. அதை முந்திக்கொண்டு கோபம் வந்தது. ரிவர்ஸ் எடுக்கத் தெரியாமல் வீட்டு கேட்டை இரண்டு முறை பெயர்த்தவன் எனக்கு டிரைவராம்!

"நான் என்ன, இன்னொரு பீப்பாயா?"

பேனாவைப் பிடுங்கினேன். பெரிய டயரை அடித்தேன். கூரை விளக்கை அடித்தேன். 'கைக் கிளட்ச்' என்று கொட்டை எழுத்தில் எழுதினேன்.

மெக்கானிக் தலையைச் சொறிந்தார். "கியர் கம்பியோட ஒரு பிடி வெச்சுடலாம்மா. ஆனா மலை ஏறி எறங்கறதுக்குள்ள நூறு தடவை அமுக்கணும். கை விட்டுரும்."

"ஏழு மாசமா இந்த உடம்பைக் கக்கத்துக் கட்டையில ஊனித் தூக்கிட்டு அலையற கைண்ணே இது. நூறு தடவை இதுக்கு ஒரு வேலையா?"

அவர் பேனாவை வாங்கினார். நான் எழுதியதற்கு எதிரே ஒரு தொகையைப் போட்டார். டயர் காசில் பாதிகூட இல்லை.

தம்பி விடவில்லை. "பெரிய டயர் இல்லாம எப்படி ஏறும்?"

"சின்ன டயர்லயே பத்து வருஷம் ஏறினவகிட்ட கேக்கறியா?"

அவன் பட்டியலையே பார்த்துக்கொண்டிருந்தான். கடைசி வரியை மட்டும் நான் அடிக்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான்.

"அப்ப இந்த ஸ்பாஞ்ச் சீட்டு?"

"உனக்குத்தான். கைப்பிடியைக் கெட்டியா புடிச்சுக்கோ."