இருபத்தேழாயிரம் துண்டுகள்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில், ஐஸ் பெக்டரிக்குப் பின்னால், மீனவர் சங்கங்கள் சேர்ந்து நடத்தும் படகுப் பதிவுக் கந்தோர் ஒன்று இருக்கிறது. கடலுக்குப் போகிற படகு ஒவ்வொன்றும் அங்கே பதிந்து, கம்ப்யூட்டர் அச்சடித்துத் தருகிற சீட்டோடுதான் துறைமுக வாசலைக் கடக்கலாம். எந்தப் படகு, எத்தனை பேர், எந்தப் பக்கம், ரேடியோவில் எந்தச் சனல் என்பதெல்லாம் அங்கே பதிவாகும். பதிகிறவள் பஸ்மியா. கிண்ணியாவிலிருந்து விடியவே பஸ் ஏறி வருகிறவள். ஐந்து வருஷமாக அந்தக் கதிரை அவளுடையது.

புயல் காற்று எச்சரிக்கை வந்தால் அவளுடைய வேலை ஒன்றுதான். கடலில் நிற்கிற படகுகளின் பட்டியலை எடுத்து, ஒவ்வொன்றையும் அதனதன் சனலில் கூப்பிட வேண்டும். எல்லாருக்கும் பொதுவாக ஒரு அறிவித்தல் விட்டால் போதாதா என்று கேட்கிறவர்களுக்கு எங்கள் கடற்காரரைத் தெரியாது. தாங்கள் கூடிக் கதைக்கிற சனலை விட்டு அவர்கள் இம்மியும் அசையமாட்டார்கள்.

போன ஐப்பசியில் எச்சரிக்கை வந்தபோது அந்தப் பட்டியல் திரையில் வர முப்பத்தெட்டு நிமிஷம் எடுத்தது. பட்டியலில் கடைசிப் படகு ஜெயகாந்தனுடையது. அவருக்குச் செய்தி போனபோது காற்று முந்திவிட்டது. படகு வந்து சேர்ந்தது. அவருடைய மச்சான் யேசுரட்ணத்தின் வலக்கையில் மூன்று விரல்கள் வந்து சேரவில்லை. நங்கூரக் கயிற்றில் அகப்பட்டு நசிந்து போயின.

மாரிக் காற்று இனித்தான் வரப்போகிறது. அடுத்த எச்சரிக்கைக்கு முதல் இதைச் சரிசெய்யாவிட்டால் இந்தக் கதிரையில் தான் இருந்து பிரயோசனமில்லை என்று பஸ்மியா முடிவெடுத்துவிட்டாள்.

செயலாளர் ஹிஸ்புல்லா நல்ல மனிதர். எந்த வருத்தத்துக்கும் ஒரே மருந்துதான் வைத்திருந்தார்.

“புதுச் சேர்வருக்கு எழுதியிருக்கு பஸ்மியா. வரும்.”

அது இரண்டு வருஷமாக வந்துகொண்டே இருக்கிறது.

சீட்டு அடிப்பதற்கு நடுவே கிடைத்த நேரத்தில் மூன்று நாள் அவள் அந்தச் சேர்வர் மெஷினைத் துருவித் துருவிப் பார்த்தாள். மெஷினில் ஒரு பழுதும் இல்லை. படகு விவரம் முழுவதும் இருக்கிற கோப்பு, ஹார்ட் டிஸ்கில் ஒரே இடத்தில் இல்லாமல், மூலைக்கு மூலை இருபத்தேழாயிரத்துச் சொச்சம் துண்டாகக் கிடந்தது. ஒரு பட்டியல் வேண்டுமென்றால் டிஸ்க் அத்தனை மூலைக்கும் ஓடிப் பொறுக்கிக்கொண்டு வரவேண்டும்.

ஏன் அப்படி ஆனது என்று தேடினாள். விடை கிடைத்தது.

ஐந்து வருஷத்துக்கு முதல் ஒரு நாள், டிஸ்க் நிறைந்து சேர்வர் படுத்துவிட்டது. அதைக் கொண்டுவந்து பூட்டிக் கொடுத்த ஆள் போனில், கோப்பைச் சுருக்குகிற கட்டளை ஒன்றைச் சொல்லிக்கொடுத்தான். ஒரு தரம் செய்வதற்குத்தான் சொன்னான். பஸ்மியா அதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் செய்தாள். வெள்ளியில் மூதூர், கிண்ணியா முஸ்லிம் படகுகள் ஜும்மா முடியும் வரை போகாது. மேசையில் வேலை குறைவு. வீட்டைக் கூட்டித் துப்புரவாக்குகிற மாதிரி, சேர்வரையும் துப்புரவாக்குகிறேன் என்று நினைத்தாள். வெள்ளியில் அவள் சுருக்குவாள். சனியிலிருந்து புதுப் பதிவுகள் வர, கோப்பு திரும்பவும் பெருத்து, டிஸ்கில் அகப்பட்ட சந்துபொந்தில் எல்லாம் போய்க் குந்தும். இப்படியே ஐந்து வருஷத்து வெள்ளிக்கிழமைகள்.

வாய் திறக்காமல் இருந்திருக்கலாம். மெஷின் போய்ச் சாட்சி சொல்லப்போவதில்லை. ஆனால் இதைத் திருத்த சேர்வரை எட்டு மணித்தியாலம் மூடவேண்டும். மூடினால் சீட்டு இல்லை, சீட்டு இல்லாமல் படகு போக ஏலாது. எல்லாரும் ஓய்கிற ஒரு நாளோ அந்தத் துறைமுகத்தில் கிடையாது. வெள்ளி காலையில் முஸ்லிம் ஆட்கள் நிற்பார்கள், மற்றவர்கள் போவார்கள். ஞாயிறு மாதா கோயிலுக்குப் போகிற வேதக்கார ஆட்கள் நிற்பார்கள், முஸ்லிம் ஆட்கள் போவார்கள். யாரோ ஒரு பகுதி தங்கள் நாளை விட்டுத்தர வேண்டும். அதை ஹிஸ்புல்லாவிடம் போய்ச் சொன்னாள்.

“வெள்ளி காலமைதான் கொஞ்சப் படகு. ஜெயகாந்தன் நிண்டா மத்தவங்களும் நிப்பாங்க. ஆனா அவர்ட்ட ஆர் கேக்கிற? அந்த முகத்தைப் பார்க்க எனக்கு ஏலாது,” என்றார் ஹிஸ்புல்லா.

“நான் கேக்கிறன் சேர்.”

இறங்குதுறையில் ஜெயகாந்தன் எஞ்சினைக் கழற்றிப் போட்டுக்கொண்டு இருந்தார். பக்கத்தில் யேசுரட்ணம் இடக்கையால் நூல் சுற்றப் பழகிக்கொண்டிருந்தார். பஸ்மியா நின்ற நிலையிலேயே வெள்ளிக்கிழமை சேர்வரை மூடுகிற விஷயத்தைச் சொன்னாள்.

“மெஷின் பழுதெண்டெல்லோ செயலாளர் சொன்னவர்?” என்றார் ஜெயகாந்தன், தலையை நிமிர்த்தாமல்.

“பழுதில்ல அண்ணன். உங்கட வலையைத் துண்டு துண்டா வெட்டி ஊரில இருக்கிற வீடெல்லாம் வச்சா, கடலுக்குப் போற நேரம் என்ன செய்வீங்க?”

“வீடு வீடா ஓடோணும்.”

“அதைத்தான் அதுவும் செய்யுது.”

“அப்பிடி ஆர் வச்சது?”

இதைத் தவிர்க்க அவளுக்கு வழி இருந்தது. அவள் தவிர்க்கவில்லை.

“நான்தான். தெரியாமச் செய்தனான். ஆனா செய்தது நான்.”

ஜெயகாந்தனின் கையில் நட்டைத் திருகிக்கொண்டிருந்த சாவி அப்படியே நின்றது. யேசுரட்ணம் அவளைப் பார்த்தார், பிறகு தன் வலக்கையைப் பார்த்தார். பஸ்மியாவுக்கு ஓடிப்போய்விடலாம் போல இருந்தது. ஓடவில்லை. முதலில் கேட்டது யேசுரட்ணம்தான்.

“திருத்தினா பட்டியல் எவ்வளவு நேரத்தில வரும்?”

“ஒரு நிமிஷத்துக்குள்ள வரோணும்.”

“நிப்பம்,” என்றார் மச்சானைப் பார்த்து.

ஜெயகாந்தன் சாவியைத் திரும்பவும் நட்டில் மாட்டினார். பிறகு எஞ்சினைப் பார்த்துக் கேட்டார்: “இடையில கரண்ட் போனா?”

“பெட்டரி அரை மணித்தியாலம் தாங்கும்.”

“காணாது. வெள்ளி விடிய எங்கட ஜெனரேட்டரைக் கொண்டுவாறன்.”

வியாழன் பின்னேரமே, இடையில் எச்சரிக்கை வந்தால் கூப்பிடுவதற்காக, கடலில் நிற்கிற படகுகளின் பட்டியலை அவள் கடதாசியில் எடுத்துவைத்தாள். அதற்கும் முப்பத்தெட்டு நிமிஷம். விவரம் முழுவதையும் இரண்டு இடத்தில் பிரதி எடுத்து, ஹிஸ்புல்லாவின் லப்டொப்பில் ஒன்றைத் திறந்து, பிரதி சரிதானா என்றும் பார்த்தாள். சேர்வரில் கிடந்த பழைய படங்களை எல்லாம் வெளி டிஸ்குக்கு மாற்றி இடம் எடுத்தாள். வெள்ளி காலை ஆறு மணிக்கு சேர்வரை மூடி, துண்டுகளை ஒன்றுசேர்க்கிற வேலையைத் தொடக்கிவிட்டாள். வாசலில் பன்னிரண்டு படகுக்காரர் முகத்தை நீட்டிக்கொண்டு நின்றார்கள். ஜெயகாந்தனும் யேசுரட்ணமும் நின்றபடியால் ஒருவரும் சத்தம் போடவில்லை.

பத்தரைக்கு, வேலை நூற்றுக்கு அறுபத்திரண்டு வீதத்தில் நிற்கும்போது, கரண்ட் போனது.

“நிப்பாட்டு பஸ்மியா,” என்றார் ஹிஸ்புல்லா. அவருடைய சேர்ட் வியர்வையில் ஒட்டிவிட்டது. “இருந்ததும் போயிடும்.”

“பிரதி இருக்கு சேர். நிப்பாட்ட மாட்டன்.”

அவரை எதிர்த்து அவள் பேசியது அதுதான் முதல் தரம். ஜெயகாந்தன் ஜெனரேட்டரின் கயிற்றை இழுத்தார். அது இருமியது. இரண்டாம் தரமும் இருமியது. பெட்டரி பீப் அடித்துக்கொண்டிருந்தது. ஐந்தாம் இழுவையில் பிடித்தது. கந்தோர் முழுக்கப் புகை, ஒருவரும் வெளியில் போகவில்லை.

பன்னிரண்டரைக்குக் கோப்பு ஒரே துண்டாய் வந்தது. பிறகு அட்டவணைகளைப் புதிதாகக் கட்டினாள். இனி அது வளர்ந்து சிதறத் தேவையில்லாதபடி கோப்புக்கு ஒரே தரத்தில் பெரிய இடம் ஒதுக்கினாள். ஜும்மா முடிந்து முஸ்லிம் படகுக்காரர் வாசலுக்கு வந்தபோது மணி ஒன்றே முக்கால்.

“அண்ணன், நீங்க நேரம் பிடியுங்க,” என்று தன் போனை யேசுரட்ணத்திடம் கொடுத்தாள். பட்டியலைக் கேட்டு விசையைத் தட்டினாள்.

பதினொரு செக்கன்.

ஹிஸ்புல்லா அல்ஹம்துலில்லாஹ் என்றார். யேசுரட்ணம் போனில் நின்ற அந்த இலக்கத்தைப் பார்த்தார். அதை மேசையில் மெதுவாக வைத்துவிட்டு வெளியே போனார். அவர் நினைத்தது பஸ்மியாவுக்குத் தெரிந்தது. அவளும் அதைத்தான் நினைத்தாள். அழுகை வந்துவிட்டது. அழுதுகொண்டே வரிசையில் முதலில் நின்ற ஆளுக்குச் சீட்டு அடித்துக் கொடுத்தாள்.

மார்கழி ஒன்பதாம் தேதி, காலை பத்து மணிக்கு, அடுத்த எச்சரிக்கை வந்தது. கடலில் இருபத்துமூன்று படகுகள். பட்டியல் பன்னிரண்டு செக்கனில் திரையில் நின்றது. வழமையாக மேலிருந்துதான் கூப்பிடுவாள். இந்தமுறை அடியிலிருந்து, ஜெயகாந்தனின் படகிலிருந்து தொடங்கினாள்.

வலை இழுக்க ஏலாத ஆள் என்பதால் யேசுரட்ணத்துக்கு இப்போது ரேடியோதான் வேலை. உடனே எடுத்தார். பஸ்மியா செய்தியைச் சொன்னாள்.

“எங்களுக்கோ முதல் சொல்லுறீங்கள்?”

“ஓம் அண்ணன். உங்களுக்குத்தான் முதல்.”

ரேடியோவில் எஞ்சின் வேகமெடுக்கிற சத்தம் வந்தது.

“கேட்டது. திரும்புறம்,” என்றார். “என்னோட கதைச்சுக்கொண்டு நிக்காமல் மற்றாக்களைக் கூப்பிடுங்கோ, தங்கச்சி.”

ஐப்பசிக்குப் பிறகு அவர் அவளைத் தங்கச்சி என்று சொன்னது அன்றைக்குத்தான். பஸ்மியா கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த படகைக் கூப்பிட்டாள்.